மூன்றாவது மாதம்

தன்னார்வலராக வெளிநாடு வந்து மூன்று மாதம் ஆகிறது. முதல் மாதம் எல்லாமே அழகாகத் தெரிந்தது. இரண்டாவது மாதம் எதற்கெடுத்தாலும் எரிச்சல். பக்கத்து அறையில் யாராவது சிரித்தால்கூட என்னைப் பற்றித்தானோ என்று தோன்றும். ஒரு நாள் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

மானுடவியலாளர் கலெர்வோ ஓபெர்க் 1960-இல் எழுதிய கட்டுரை அப்போதுதான் கண்ணில் பட்டது. எப்போது கை குலுக்குவது, யார் சொல்வதை எவ்வளவு நம்புவது என்று யோசிக்காமலே நமக்குத் தெரிந்திருந்த சின்னச் சின்ன அடையாளங்கள் தொலைந்துபோவதால் வரும் பதற்றம்தான் பண்பாட்டு அதிர்ச்சி என்கிறார். முதலில் தேனிலவு, அப்புறம் கசப்பு, பிறகு மெல்ல மெல்லத் தேறுவது. அன்று நிம்மதியாகத் தூங்கினேன்.

வந்தவுடனே எதையாவது மாற்றிவிட வேண்டும் என்று துடித்தேன். இப்போது பெரும்பாலும் உட்கார்ந்து கேட்கிறேன். கேட்கக் கேட்கத்தான் இவர்களுக்கு என்ன தேவை என்றே புரிகிறது.

நேற்று உடன் வேலை செய்யும் அக்கா என் நோட்டை வாங்கி, நான் தப்பாக எழுதியிருந்த அவர்கள் மொழிச் சொல் ஒன்றை அடித்துவிட்டுச் சரியாக எழுதிக் கொடுத்தார். மூன்று முறை சொல்லவைத்தார். நான்காவது முறை நானாகவே சொன்னேன். தலையாட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போனார். அந்தப் பக்கத்தை இன்று எத்தனை முறை திறந்து பார்த்தேனோ!