பையில் ஒரு பிரஷ்: அலபாமா, டென்னசி பயண நாட்குறிப்பு

2024 மார்ச் 11, திங்கள். அட்லாண்டா.

வசந்தகால விடுமுறையில் எங்கள் கல்லூரியின் வரலாற்றுத் துறை இளங்கலை மாணவர்கள் 21 பேரைச் சிவில் உரிமை இயக்கம் நடந்த ஊர்களுக்கு அழைத்துச் செல்கிறது. முனைவர் பட்ட மாணவியான நான் உதவியாளராக உடன் செல்கிறேன். அதாவது, பேருந்தில் தலைகளை எண்ணுவதும் உணவுப் பொட்டலங்களை வாங்கிக் கொடுப்பதும் என் வேலை. புறப்படும்போது பேராசிரியர் மாணவர்களுக்கு ஒரே ஒரு பணியைத்தான் கொடுத்தார். போகும் ஒவ்வோர் இடத்திலும், வரலாற்றில் பதிவான அந்த நாளுக்கு முன்பு அங்கே யார் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று தேடி எழுத வேண்டும். நானும் எழுதிப் பார்க்கிறேன்.

ஆபர்ன் அவென்யூவில் 501ஆம் எண் வீட்டில்தான் மார்ட்டின் லூதர் கிங் 1929 ஜனவரி 15 அன்று பிறந்தார். சீரமைப்புப் பணிக்காக நவம்பரிலிருந்து மூடியிருப்பதால் தெருவில் நின்றபடியே பார்த்தோம். சற்றுத் தள்ளி, நீர்த்தடாகத்தின் நடுவே அவரும் மனைவி கொரெட்டாவும் அடக்கம் செய்யப்பட்ட கல்லறை. பார்வையாளர் மையத்தின் எதிரே காந்தி சிலை. கிங் 1959இல் இந்தியாவுக்கு வந்தபோது, திருவனந்தபுரத்தில் தலித் மாணவர்கள் படித்த ஒரு பள்ளியில், "அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும், உங்களைப் போன்ற ஒரு தீண்டத்தகாதவர்" என்று தலைமையாசிரியர் தன்னை அறிமுகப்படுத்தியதையும், முதலில் அது தன்னைச் சுட்டதையும், பிறகு யோசித்துப் பார்த்து அது உண்மைதான் என்று ஏற்றுக்கொண்டதையும் 1965இல் இதே தெருவிலுள்ள எபினேசர் தேவாலயத்தில் அவர் சொன்னார். அந்தப் பள்ளி என் ஊருக்குப் பக்கமா என்று ஒரு மாணவி கேட்டாள். எங்கள் தெருவுக்கும் அந்தப் பிள்ளைகளின் தெருவுக்கும் இருந்த தூரத்தை அவளுக்கு எப்படி விளக்குவது என்று தெரியாமல், திருநெல்வேலியிலிருந்து நான்கு மணி நேரப் பயணம் என்று மட்டும் சொன்னேன்.

மார்ச் 12, செவ்வாய். மான்ட்கமரி.

ரோசா பார்க்ஸ் வேலை முடிந்து களைத்துப்போன தையல்காரி, கால் வலியால் பேருந்தில் வெள்ளையருக்கு இடம் விட்டு எழுந்திருக்க மறுத்தார், ஊரே பொங்கி எழுந்தது. இந்தக் கதையைத்தான் எங்கள் மாணவர்களில் பாதிப் பேர் பள்ளியில் படித்திருக்கிறார்கள். ஒன்பதாம் வகுப்பில் நான் படித்ததும் இதுவேதான். இன்று முழுவதும் அந்தக் கதை துண்டு துண்டாகக் கழன்று விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

1955 டிசம்பர் 1 மாலை அவர் கைதானபோது, மான்ட்கமரியின் கறுப்பின உரிமைச் சங்கக் கிளையில் பல ஆண்டுகள் செயலாளராக வேலை பார்த்த அனுபவம் அவருக்கு இருந்தது. அந்தக் கோடையில்தான் உரிமைப் போராளிகளைப் பயிற்றுவித்த, டென்னசியிலுள்ள ஹைலேண்டர் பள்ளியில் பயிற்சி பெற்றுத் திரும்பியிருந்தார். அதே ஆண்டு மார்ச் 2 அன்று கிளாடெட் கோல்வின் என்ற 15 வயது மாணவி இதே குற்றத்துக்காகக் கைதாகியிருந்தாள். அதற்கும் முன்னால், 1954 மே மாதத்திலேயே, அலபாமா மாநிலக் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்த ஜோ ஆன் ராபின்சன், பேருந்துகளில் கறுப்பினத்தவரை நடத்தும் விதம் மாறாவிட்டால் பேருந்துப் புறக்கணிப்பு வரும் என்று பெண்கள் அரசியல் மன்றத்தின் சார்பில் நகரமேயருக்குக் கடிதம் எழுதிவிட்டார். பார்க்ஸ் கைதான இரவு அவர் செய்தது, ஓர் உடன் ஆசிரியரையும் இரண்டு மாணவர்களையும் சேர்த்துக்கொண்டு, கல்லூரியின் சைக்ளோஸ்டைல் இயந்திரத்தில் விடிய விடியப் பல்லாயிரம் துண்டறிக்கைகளை அச்சடித்ததுதான். அந்த அறிக்கையில் பார்க்ஸின் பெயர் இல்லை. "மேலும் ஒரு" கறுப்பினப் பெண் கைது செய்யப்பட்டிருக்கிறார் என்றே அது தொடங்குகிறது. அந்த "மேலும்" என்ற சொல்லை எங்கள் பேராசிரியர் இன்று மூன்று முறை சொன்னார், மூன்று முறையும் தேவையாகத்தான் இருந்தது.

புறக்கணிப்பு 381 நாள்கள் நீடித்தது. முதலில் வைத்த கோரிக்கைகள் வியப்பூட்டும் அளவுக்கு அடக்கமானவை: மரியாதையாக நடத்த வேண்டும், கறுப்பினத்தவர் வசிக்கும் வழித்தடங்களில் கறுப்பின ஓட்டுநர்களை அமர்த்த வேண்டும், முதலில் ஏறியவர் முதலில் அமர வேண்டும், அதுவும் வெள்ளையர் முன்னாலிருந்தும் கறுப்பினத்தவர் பின்னாலிருந்தும். பிரிவினையையே ஒழிக்கச் சொல்லவில்லை. இதைக்கூடத் தர மறுத்த பிறகுதான் வழக்குரைஞர் பிரெட் கிரே கூட்டாட்சி நீதிமன்றத்துக்குப் போனார். பேருந்துப் பிரிவினையை வீழ்த்திய வழக்கில் ஆரேலியா பிரௌடர், சூசி மெக்டொனால்ட், கிளாடெட் கோல்வின், மேரி லூயிஸ் ஸ்மித் ஆகிய நால்வர் வாதிகள். பார்க்ஸ் அதில் இல்லை. 2019இல் நகர மையத்தில் அவருக்குச் சிலை வைத்தபோது, அருகே இந்த நால்வருக்கும் கல் நட்டார்கள்.

மாலையில் கிங் குடும்பம் வாழ்ந்த போதகர் இல்லத்துக்குப் போனோம். 1956 ஜனவரி 30 அன்று இதன் முன்தாழ்வாரத்தில் குண்டு வெடித்தபோது கொரெட்டாவும் கைக்குழந்தையும் உள்ளே இருந்தார்கள். அதற்குச் சில நாள்களுக்கு முன்பு, ஒரு மிரட்டல் தொலைபேசி அழைப்புக்குப் பிறகு நள்ளிரவில் கிங் தனியாக உட்கார்ந்திருந்த சமையலறை மிகவும் சிறியது. நாங்கள் ஐந்து ஐந்து பேராகத்தான் உள்ளே போய்வர முடிந்தது.

மார்ச் 13, புதன். மான்ட்கமரி.

காலை முழுவதும் சமாதானத்துக்கும் நீதிக்குமான தேசிய நினைவிடத்தில் இருந்தோம். 1877 முதல் 1950 வரை கும்பல்களால் கொல்லப்பட்ட கறுப்பினத்தவர் 4,400 பேருக்கும் மேற்பட்டோருக்காக, மாவட்டத்துக்கு ஒன்றாக 800க்கும் அதிகமான துருப்பிடித்த எஃகுத் தூண்களை நிறுவி 2018 ஏப்ரலில் இதைத் திறந்தார்கள். நுழையும்போது தூண்கள் நம் கண்ணுக்கு நேராக நிற்கின்றன; நடக்க நடக்கத் தரை தாழ்ந்துகொண்டே போக, ஒரு கட்டத்தில் அவை தலைக்கு மேலே தொங்குகின்றன. வெளியே அதே தூண்களின் நகல்கள் வரிசையாகக் கிடத்தப்பட்டிருக்கின்றன. அந்தந்த மாவட்டத்தார் வந்து தங்கள் தூணை எடுத்துப்போய் ஊரில் நட வேண்டும் என்பது ஏற்பாடு.

எங்கள் கல்லூரி இருக்கும் மாவட்டத்தின் தூணைத் தேடிக் கண்டுபிடித்தோம். அதற்கு மேல் இன்று எழுத முடியவில்லை.

மார்ச் 14, வியாழன். செல்மா.

நெடுஞ்சாலை 80 வழியாக லௌண்டஸ் மாவட்டத்தைக் கடந்து வந்தோம். 1965இன் தொடக்கத்தில் மக்கள்தொகையில் பெரும்பான்மையினர் கறுப்பினத்தவராக இருந்தும், வாக்காளர் பட்டியலில் அவர்களில் ஒருவர்கூட இல்லாத மாவட்டம் அது. செல்மாவை உள்ளடக்கிய டல்லாஸ் மாவட்டத்தில் வாக்களிக்கும் வயதுடைய கறுப்பினத்தவர் ஏறத்தாழ 15,000 பேரில் முந்நூறு சொச்சம் பேர் மட்டுமே பதிவு செய்திருந்தனர். பதிவு அலுவலகம் மாதத்தில் இரண்டே நாள்கள் திறந்திருக்கும்; அன்று வரிசையில் நின்றாலும் அரசமைப்பிலிருந்து கேள்வி கேட்டுத் திருப்பி அனுப்புவார்கள். அந்தப் படிவத்தை எப்படி நிரப்புவது என்று அமீலியா பாய்ன்டனும் அவருடைய கணவரும் 1930களிலிருந்தே மக்களுக்குக் கற்றுக்கொடுத்து வந்தார்கள். பாலத்தில் அடிபட்டுச் சரிந்து கிடக்கும் புகைப்படத்தால் உலகம் பாய்ன்டனை அறிந்தது. அந்த முப்பது ஆண்டுப் பாடத்தை யாரும் படம் பிடிக்கவில்லை.

என்னை மிகவும் நிறுத்திவைத்தது 1965 ஜனவரி 22. அன்று பள்ளி முடிந்ததும் செல்மாவின் கறுப்பின ஆசிரியர்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர் வாக்குரிமை கேட்டு நீதிமன்றக் கட்டடத்தை நோக்கி ஊர்வலமாக நடந்தார்கள். வேலை பறிபோகும் என்பதை எல்லாரையும்விட நன்கு அறிந்தவர்கள் அவர்கள். சிலர் கையில் பல் துலக்கும் பிரஷ் வைத்திருந்தார்கள். சிறைக்குப் போகத் தயார் என்பதற்கு அதுவே அடையாளம். காவலர்கள் லத்தியால் படிகளிலிருந்து தள்ளினார்களே தவிர, யாரையும் கைது செய்யவில்லை. எங்கள் வீட்டில் அம்மா, பெரியம்மா, இரண்டு சித்தப்பாக்கள் என எல்லாரும் ஆசிரியர்கள். பள்ளி விட்ட பிறகு, உடுத்திய நல்ல உடையோடு, கைப்பையில் ஒரு பிரஷைப் போட்டுக்கொண்டு அம்மா தெருவில் இறங்குவதைக் கற்பனை செய்ய முயன்றேன், முடியவில்லை.

பிற்பகலில் எட்மண்ட் பெட்டஸ் பாலத்தைக் கடந்தோம். உள்நாட்டுப் போரில் அடிமைமுறையைக் காக்கப் போரிட்ட தென்மாநிலக் கூட்டமைப்பின் படைத்தளபதி ஒருவரின் பெயரைத்தான் அது இன்றும் தாங்கியிருக்கிறது. நடு உயர்ந்து வளைந்த பாலம் என்பதால், செல்மா பக்கமிருந்து ஏறும்போது மறுபக்கம் தெரியாது. 1965 மார்ச் 7 அன்று வாக்குரிமை கேட்டு ஏறத்தாழ 600 பேர் நடைபாதையில் இரண்டிரண்டு பேராக வந்தபோது, உச்சியை எட்டிய பிறகுதான் கீழே காத்திருந்த காவல் படையைப் பார்த்தார்கள். அந்தப் படை தாக்கியதில் மண்டை உடைக்கப்பட்ட, ஊர்வலத்தை முன்னின்று நடத்திய ஜான் லூயிஸின் முதுகுப்பையில் இரண்டு புத்தகங்கள், ஓர் ஆப்பிள், ஓர் ஆரஞ்சு, பற்பசை, பிரஷ். இங்கேயும் பிரஷ் வந்துவிட்டதைக் கவனித்த மாணவன் ஒருவன் தன் குறிப்பேட்டில் அதற்கென்று தனிப்பக்கம் ஒதுக்கியிருக்கிறான்.

அந்த ஆண்டு ஆகஸ்ட் 6 அன்று வாக்குரிமைச் சட்டம் கையெழுத்தானது. எந்தெந்தப் பகுதிகள் தேர்தல் விதிகளை மாற்ற முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும் என்று தீர்மானித்த அதன் சூத்திரத்தை 2013இல் உச்ச நீதிமன்றம் செல்லாதென அறிவித்தது. அந்த வழக்கைத் தொடுத்ததும் அலபாமாவின் ஒரு மாவட்டந்தான். திரும்பும் வழியில் பேருந்துக்குள் இதைப் பற்றித்தான் விவாதம், சில நேரம் குரல் உயர்ந்தும்.

மார்ச் 15, வெள்ளி. பர்மிங்காம்.

பதினாறாம் தெரு பாப்டிஸ்ட் தேவாலயமும் கெல்லி இங்கிராம் பூங்காவும் எதிரெதிரே இருக்கின்றன. நடுவில் ஒரு சாலைதான். 1963 மே 2 அன்று பள்ளிப் பிள்ளைகள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இனப் பிரிவினையை எதிர்த்து வகுப்பைத் துறந்து இந்தத் தேவாலயத்தில் கூடி, அணி அணியாகக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார்கள். அடுத்த நாள் நாய்களும் தீயணைப்புக் குழாய்களும் வந்தன. அந்தக் காட்சிகளைக் காட்டும் சிற்பங்களுக்கு நடுவே நடப்பது எளிதாக இல்லை. இரு புறமும் உலோக நாய்கள் பாய்கின்றன.

ஆனால் பேராசிரியரின் கேள்விக்கு இங்கே கிடைத்த விடைதான் இந்தப் பயணத்திலேயே விரிவானது. போராட்டம் தொடங்குமுன் கிங்கின் உதவியாளர் வையட் டீ வாக்கர் கடைகளுக்குள் போய், அமர்வுப் போராட்டத்துக்காக உணவு மேடைகளில் எத்தனை இருக்கைகள் இருக்கின்றன என்று எண்ணி வந்தார். அடித்தால் திருப்பி அடிக்காமலிருக்கப் பிள்ளைகளுக்கு ஜேம்ஸ் பெவலும் மற்றவர்களும் வகுப்பெடுத்தார்கள். வானொலி அறிவிப்பாளர்கள் பூங்காவில் விருந்து இருப்பதாகச் சங்கேதமாகச் சொல்லி, பிரஷ் கொண்டுவரச் சொன்னார்கள். மாணவனின் தனிப்பக்கத்தில் மூன்றாவது வரி சேர்ந்தது.

அதே ஆண்டு செப்டம்பர் 15, ஞாயிறு காலை 10:22 மணிக்கு இதே தேவாலயத்தில் வெள்ளை இனவெறியர்கள் வைத்து வெடித்த குண்டு அடீ மே காலின்ஸ், சிந்தியா வெஸ்லி, கரோல் ராபர்ட்சன், டெனிஸ் மெக்நேர் ஆகிய நான்கு சிறுமிகளைக் கொன்றது. மூவருக்கு வயது 14, டெனிசுக்கு 11. குற்றவாளிகளில் முதலாமவருக்கு 1977இலும், மற்ற இருவருக்கு 2001இலும் 2002இலும்தான் தண்டனை கிடைத்தது. வேல்ஸ் நாட்டு மக்கள் பணம் திரட்டி அனுப்பிய, கறுப்பினக் கிறிஸ்துவைக் காட்டும் வண்ணக் கண்ணாடிச் சாளரத்தின் கீழே எங்கள் கூட்டம் வெகுநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தது. தலைகளை எண்ண நான் எழுந்திருக்கவில்லை.

மார்ச் 16, சனி. மெம்ஃபிஸ்.

லொரெய்ன் விடுதியில், கிங் சுட்டுக் கொல்லப்பட்ட 306ஆம் அறையின் வெளிமாடத்தில் மலர் வளையம் தொங்குகிறது. கீழே அந்தக் காலத்துக் கார்கள் நிற்கின்றன. எல்லாரும் அண்ணாந்து படம் எடுத்தார்கள். நானும் எடுத்தேன்.

ஆனால் 1968 ஏப்ரல் 4க்கு முன்பு இந்த ஊரில் நடந்தது மழையில் தொடங்குகிறது. பிப்ரவரி 1 அன்று எக்கோல் கோல், ராபர்ட் வாக்கர் என்ற இரண்டு துப்புரவுத் தொழிலாளர்கள் மழைக்குக் குப்பை லாரியின் பின்பகுதியில் ஒதுங்கியபோது, அழுத்தும் இயந்திரம் இயங்கி அவர்களை நசுக்கிக் கொன்றது. பிப்ரவரி 12 அன்று ஏறத்தாழ 1,300 பேர் வேலைக்குப் போகவில்லை. "நான் ஒரு மனிதன்" என்ற அட்டைகளைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அவர்கள் நடந்தார்கள். கிங்கை மெம்ஃபிசுக்கு அழைத்தவர் போதகர் ஜேம்ஸ் லாசன். 1950களில் நாக்பூரில் தங்கி ஒரு கல்லூரியில் பணியாற்றியபடி காந்திய முறைகளைக் கற்றவர், மான்ட்கமரி புறக்கணிப்புச் செய்தியை அங்கே நாளிதழில் படித்தவர், திரும்பி வந்து நாஷ்வில் மாணவர்களுக்குத் திருப்பி அடிக்காமல் அடி வாங்கப் பயிற்சி கொடுத்தவர்.

கிங் சுடப்பட்டு 12 நாள்கள் கழித்து, ஏப்ரல் 16 அன்று தொழிலாளர்களுக்கும் நகராட்சிக்கும் உடன்பாடு ஏற்பட்டது. அதைப் பற்றி மாணவர்களுக்கு ஒரு குறிப்பு தயாரிக்கச் சொன்னார்கள்; பேருந்தில் உட்கார்ந்து அதைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஊதிய உயர்வும் சங்கத்துக்கு அங்கீகாரமும் எதிர்பார்த்தவையே. கடைசிவரை இழுபறியாக இருந்தது சங்கச் சந்தா. அதைச் சம்பளத்திலிருந்து பிடித்துத்தர மாட்டேன் என்று மேயர் பிடிவாதமாக நின்றதால், தொழிலாளர்களின் கடன் சங்கம் வழியாகப் பிடித்துக்கொள்ளலாம் என்று ஒரு வழி கண்டுபிடித்துக் கையெழுத்திட்டார்கள்.