எல்எல்விஎம் தொகுப்பும் நடுவில் அணைந்த மெய்நிகர் கணினியும்

சொந்தமாக ஒரு சிறு நிரல்மொழியை உருவாக்கிப் பார்க்கும் ஆசையில், அதற்கு அடித்தளமாக, கம்பைலர்களைக் கட்ட உதவும் எல்எல்விஎம்மையும் அதன் மேல் அமைந்த சி மொழிக் கம்பைலரான கிளாங்கையும் மூலநிரலிலிருந்தே தொகுக்க (கம்பைல் செய்ய) முடிவு செய்தேன். அன்றாட வேலைக்கான மடிக்கணினியின் அமைப்பு குலைந்துவிடக் கூடாது என்பதால், லினக்ஸ் கர்னலின் கேவிஎம் வசதியின் துணையோடு, கியூஇமு என்ற மென்பொருளில் ஓடும் ஒரு லினக்ஸ் மெய்நிகர் கணினிக்குள் அந்த வேலையை வைத்துக்கொண்டேன். மடிக்கணினியில் 16 ஜிபி நினைவகம் உண்டு. உள்ளே ஓடும் மெய்நிகர் கணினிக்கு 8 ஜிபி ஒதுக்கி, பிழைதிருத்தத் தகவல்களையும் சேர்க்கும் டீபக் வகையில், ஒரே நேரத்தில் எட்டு வேலைகள் நடக்குமாறு, தொகுப்பை நடத்தும் மேக் கருவியை ஓடவிட்டேன்.

முதல் தடங்கல் எளிதில் புரிந்தது. பல மணி நேரம் சீராக ஓடிய தொகுப்பு, தொகுத்த துண்டுகளை ஒரே நிரலாகச் சேர்க்கும் இணைப்பி (லிங்கர்) வேலை செய்யும் கட்டத்தில் ‘கில்டு’ என்ற ஒற்றைச் சொல்லோடு நின்றது. உள்ளே கர்னல் பதிவைப் பார்த்தபோது, நினைவகம் தீர்ந்துபோனதால், அந்நேரத்தில் ஏதேனும் ஒரு நிரலை நிறுத்தி இடம் மீட்கும் கர்னலின் ஓஓஎம் கில்லர், அந்த இணைப்பியை நிறுத்தியிருந்தது தெரிந்தது. போதவில்லை என்றால் கூட்டிக் கொடுப்போம் என்று 12 ஜிபியாக உயர்த்தினேன்.

அடுத்த முறை பிழைச்செய்தி எதுவும் வரவில்லை. மெய்நிகர் கணினியின் சாளரமே மறைந்துவிட்டது. மறுபடி இயக்கி முந்தைய அமர்வின் பதிவைப் படித்தால், வழக்கமான ஒரு வரியோடு அது சட்டென்று முடிந்திருந்தது. நினைவகம் குறைந்ததற்கான எச்சரிக்கையும் இல்லை, முறையாக அணைந்ததற்கான அடையாளமும் இல்லை. தொகுப்பைத் தொடர்ந்தபோது, சில ஆப்ஜெக்ட் கோப்புகளை (கம்பைலர் உருவாக்கிய துண்டுகளை) அடையாளம் காண முடியவில்லை என்று இணைப்பி மறுத்தது. கம்பைலரில்தான் கோளாறு என்று எண்ணி அரை நாளைச் செலவிட்ட பிறகே அந்தக் கோப்புகளின் அளவைப் பார்க்கத் தோன்றியது. பெயரும் நேரமும் சரியாக இருந்தன. அளவு மட்டும் பூஜ்யம். எழுதிச் சில நொடிகளே ஆன கோப்புகளின் உள்ளடக்கம் வட்டுக்குப் போய்ச் சேராமல் நினைவகத்திலேயே இருந்து, மெய்நிகர் கணினியோடு சேர்ந்து அழிந்திருந்தது. மேக் கோப்பின் நேரத்தை மட்டுமே ஒப்பிடுவதால், அவை முடிந்த வேலைகள் என்றே அது கருதிக்கொண்டது. ஃபைண்ட் கட்டளையால் பூஜ்ய அளவுக் கோப்புகளைத் தேடி அழித்துவிட்டுத் தொடர்ந்தேன். இணைப்பிக் கட்டம் வந்ததும் மீண்டும் அதேபோல் அணைந்தது.

இரண்டு முறையும் உள்ளே தடயம் இல்லாமல் போனது, மின்சாரம் துண்டிக்கப்பட்ட கணினி தன் பதிவில் எதையும் எழுதிவைக்க முடியாது என்பதை நினைவூட்டியது. எனவே வெளியே, மடிக்கணினியின் கர்னல் பதிவைத் திறந்தேன். அதே ஓஓஎம் கில்லரின் வரி அங்கே இருந்தது. இம்முறை அது நிறுத்தியிருந்தது கியூஇமுவையே. மடிக்கணினியின் பார்வையில் மெய்நிகர் கணினி என்பது மற்றவற்றைப் போல ஒரு சாதாரண புராசஸ்தான், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நிரல்தான். 12 ஜிபி என்று எழுதிக் கொடுத்தாலும் அது தொடக்கத்திலேயே எடுத்துக்கொள்ளப்படுவதில்லை. உள்ளே நினைவகத்தின் ஒவ்வொரு பக்கமும் (சிறு துண்டும்) முதன்முதலில் தொடப்படும்போதுதான் வெளியே உண்மையில் ஒதுக்கப்படுகிறது. அதனால்தான் தொடக்கத்தில் எந்தச் சிக்கலும் தெரியவில்லை. இணைப்பிகள் பல ஒன்றாக எழுந்து, பிழைதிருத்தத் தகவல்களால் ஊதிப்போன கோப்புகளை நினைவகத்தில் ஏற்றியபோது மொத்த ஒதுக்கீடும் நிரம்பியது. பக்கத்தில் உலாவியும் திறந்திருந்தது. நெருக்கடி வந்ததும், எல்லாவற்றிலும் பெரிய புராசஸ் எதுவோ அதையே கர்னல் பெரும்பாலும் தேர்ந்தெடுக்கும். நான் கூட்டிக் கொடுத்த 4 ஜிபிதான் சிக்கலை உள்ளிருந்து வெளியே தள்ளி, ஒரு இணைப்பியோடு போக வேண்டிய இழப்பை முழுக் கணினியின் இழப்பாக மாற்றியிருக்கிறது.

இதைக் கண்ட பிறகு நினைவகத்தைக் கூட்டுவதை விட்டு, தேவையைக் குறைக்கும் வழியில் இறங்கினேன். ஒதுக்கீட்டை 9 ஜிபியாக இறக்கி, நினைவகம் நிரம்பினால் வட்டில் துணை இடமாகப் பயன்பட, உள்ளே 8 ஜிபிக்கு ஒரு ஸ்வாப் கோப்பை வைத்தேன். டீபக் வகையைக் கைவிட்டு, பிழைதிருத்தத் தகவல்கள் இல்லாத ரிலீஸ் வகைக்கு மாறினேன். என் தேவைக்கு அதுவே போதும். எல்லாச் செயலி வகைகளுக்கும் பதிலாக எக்ஸ்86-க்கு மட்டும் தொகுக்கச் சொன்னேன். இவற்றுக்கெல்லாம் மேலாக, இணைப்பி வேலைகளை ஒரு நேரத்தில் ஒன்றாகக் கட்டுப்படுத்தினேன். தொகுப்பை எப்படி நடத்துவது என்று வகுக்கும் எல்எல்விஎம்மின் சிமேக் அமைப்பில் இதற்கென்றே ஒரு தெரிவு உள்ளது, ஆனால் அது மேக்குக்கு மாற்றான நிஞ்சா கருவியோடு மட்டுமே வேலை செய்யும். ஆகவே பழைய கோப்புறையை அழித்து, நிஞ்சாவில் முதலிலிருந்து தொடங்கினேன். கம்பைல் வேலைகள் எட்டாகவே இருக்க, இணைப்பி மட்டும் வரிசையில் காத்திருந்ததைத் திரையில் பார்த்தபோது அந்த ஒரு மாற்றத்தின் அருமை புரிந்தது.

இம்முறை தொகுப்பு இறுதிவரை ஓடியது. கிளாங்கால் ஒரு சிறு சி நிரலைத் தொகுத்து இயக்கியும் பார்த்துவிட்டேன். மீதம் இருப்பது ஒன்று: வேலை முடிந்து, உள்ளே பெரும்பகுதி நினைவகம் காலியாகக் கிடந்தாலும், வெளியே கியூஇமு ஏறத்தாழ முழு 9 ஜிபியையும் பிடித்து வைத்திருக்கிறது. மெய்நிகர் கணினியின் நினைவகத்தைக் கூட்டிக் குறைக்க உதவும் விர்ட்ஐஓ பலூன் என்ற மெய்நிகர் சாதனத்தில் காலிப் பக்கங்களை வெளியே திருப்பித் தரும் வசதி உண்டு. அதைச் சேர்த்து, அதே தொகுப்பை அடுத்த வாரம் மீண்டும் ஓட்டப் போகிறேன்.