பாம்புக்குக் குளிர் வேண்டும்

ஜனவரி இரண்டாம் வாரம், ஞாயிற்றுக்கிழமை இரவு. வெளியே மைனஸ் 17. உடுப்புத் தோய்க்கப் பேஸ்மென்டுக்குப் போன மகள் பாதிப் படியில் நின்றுகொண்டு கத்தினாள்: "அப்பா, இஞ்ச பெல்ட் ஒண்டு அசையுது!"

வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸுக்குப் பக்கத்தில், சீமெந்துத் தரையில் கிடந்தது. இரண்டு அடிக்குக் கொஞ்சம் குறைவு, பெருவிரல் தடிப்பு. கறுப்பு உடம்பில் நீளவாட்டில் மூன்று மஞ்சள் கோடுகள். கனடாவில் இந்த ஸ்காபுரோவுக்கு வந்து 22 வருடம் ஆகிறது. கோடையில் வேலியோரம் இந்த மாதிரி ஒன்று ஓடி மறைவதைப் பார்த்திருக்கிறேன். வீட்டுக்குள், அதுவும் நடு மாரியில், இதுதான் முதல் தடவை.

மேலே இருந்து அம்மா கேட்டார்: "தம்பி, உது புடையன் இல்லையே?"

புடையன் என்ற விஷ விரியனுக்குப் பயந்து யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர்களுக்கு முதலில் வாயில் வருவது அந்தக் கேள்விதான். எங்கள் மாகாணமான ஒன்ராறியோவில் விஷப்பாம்பு என்று இருப்பது ஒரே ஒரு வகை, மசசாகா என்ற கிலுகிலுப்பைப் பாம்பு. அது ஜோர்ஜியன் விரிகுடாப் பக்கம் இருப்பது. கட்டையான உடம்பு, முதுகில் திட்டுத் திட்டாக இருக்கும், கோடு இருக்காது. அதனால் பயம் பாதி போய்விட்டது. மீதிப் பாதியோடு தோட்டக் கையுறையைப் போட்டுக்கொண்டு தூக்கினேன். கடிக்கவில்லை. ஆனால் பின்பக்கத்தால் ஒரு திரவத்தைப் பூசிவிட்டது. அழுகின மீனும் நனைந்த நாயும் சேர்ந்த மணம். கையுறையைக் குப்பையில்தான் போட்டேன்.

மூடியுள்ள ஒரு பிளாஸ்டிக் பெட்டியில் துளை போட்டு, பழைய தலையணை உறையும் சின்னக் கிண்ணத்தில் தண்ணீரும் வைத்து உள்ளே விட்டேன். அப்புறம் செய்ததுதான் பிழை. பாவம் விறைத்துப்போயிருக்கிறதே என்று பெட்டியை ஃபர்னஸுக்குக் கிட்ட நகர்த்தினேன். அம்மா அதற்கு மேலே போய், ஃப்ரீசரில் இருந்த நெத்தலியில் ஒரு பிடி எடுத்துத் தண்ணீரில் போட்டார். "வீட்டுக்கு வந்த சீவனைப் பட்டினி போடக் கூடாது." பாம்பு நெத்தலியைத் திரும்பியும் பார்க்கவில்லை.

அன்றிரவு நித்திரை வரவில்லை. என்ன பாம்பு என்று நிச்சயப்படுத்த உட்கார்ந்தேன். மூன்று கோடு இருந்தால் இங்கே சாதாரணமாகக் காணப்படும் கார்ட்டர் பாம்பு என்று முடித்துவிடலாம் என நினைத்திருந்தேன். அவ்வளவு லேசில்லை. ரிப்பன் பாம்புக்கும் மூன்று கோடு, பட்லர் கார்ட்டர் பாம்புக்கும் மூன்று கோடு. பின்னது ஒன்ராறியோவில் அழியும் ஆபத்தில் உள்ள இனம். அது தென்மேற்கு மூலையில், வின்ட்சர், சார்னியாப் பக்கம் கூடுதலாகக் காணப்படுவது என்றாலும், பார்த்துவிடுவது நல்லது.

பெட்டியின் பக்கவாட்டில் போனை வைத்துக் கிட்டத்தில் படம் எடுத்துப் பெரிதாக்கினேன். வயிற்றுப் பக்கத்து அகலச் செதிலை விட்டுவிட்டு, அதற்கு மேலே உள்ள செதில் வரிசைகளை ஒன்று, இரண்டு என்று மேல்நோக்கி எண்ண வேண்டும். பக்கக் கோடு இரண்டாம், மூன்றாம் வரிசையில் ஓடினால் சாதாரண கார்ட்டர். மூன்றும் நான்கும் என்றால் ரிப்பன். பட்லரில் கோடு மூன்றாம் வரிசையை நடுவாக வைத்து இரண்டு பக்கமும் வழியும், தலையும் சின்னது. நான் நாலு தடவை எண்ணினேன், மகள் இரண்டு தடவை. இரண்டு, மூன்று. மேலுதட்டுச் செதில்களின் ஓரத்தில் மை தொட்டு இழுத்த மாதிரிக் கறுப்புக் கீறல்கள் இருந்தன; ரிப்பனுக்கு உதடு வெள்ளையாக இருக்கும், கண்ணுக்கு முன்னால் ஒரு வெள்ளைப் பிறையும் இருக்கும். ரிப்பனின் வால் உடம்பில் மூன்றில் ஒரு பங்கு வரும். இதன் வால் கட்டை. சரி, கிழக்கத்திய கார்ட்டர் பாம்புதான். நம் ஊர்த் தண்ணீர்ப்பாம்பும் இதுவும் ஒரே துணைக்குடும்பம் என்று அம்மாவுக்குச் சொன்னேன். "அப்ப சொந்தக்காரர்தான்" என்றார்.

காலையில் காட்டு விலங்குகளைப் பராமரிக்க அனுமதி பெற்ற ஒரு பெண்ணுடன் போனில் பேசக் கிடைத்தது. முதலில் சட்டத்தைச் சொன்னார்: காயம்பட்ட, ஆதரவற்ற காட்டு விலங்கை 24 மணி நேரத்துக்கு மேல் வீட்டில் வைத்திருக்க முடியாது, அதற்குள் ஒப்படைக்க வேண்டும். பிறகு கேள்வி மேல் கேள்வி. காயம் இருக்கிறதா? வாயில் சளி, குமிழி? மூச்சு விடும்போது சத்தம்? ஒன்றும் இல்லை. எங்கே கண்டீர்கள்? பெட்டி எங்கே இருக்கிறது?

ஃபர்னஸ் என்றதும் அவர் குரல் மாறியது. "உடனே எடுங்கள்."

எங்கள் வீட்டு ஃபர்னஸ் பக்கம் 19 பாகை. அதுதான் ஆகக் கெட்ட இடமாம். தூங்க முடியாத அளவுக்குச் சூடு, சாப்பிட்டதைச் செரிக்க முடியாத அளவுக்குக் குளிர். செரிக்காத இரை வயிற்றிலேயே அழுகிப் பாம்பைக் கொன்றுவிடும். சாப்பிடாவிட்டாலும் விழித்திருக்கும் ஒவ்வொரு நாளும் ஒக்டோபரில் சேர்த்து வைத்த கொழுப்பு கரையும். முழுக்கச் சூடாக்கி, ஒரு மூலையை 30 பாகையில் வைத்து, வாரா வாரம் இரை கொடுத்து வளர்ப்பது ஒரு வழி. நான்கு, ஐந்து பாகைக் குளிரில் விட்டு உறங்க வைப்பது இன்னொரு வழி. இரண்டுக்கும் நடுவில் நிற்கக் கூடாது.

நெத்தலி கதையையும் சொன்னேன். நல்லகாலம் சாப்பிடவில்லை என்றார். நெத்தலி, தங்கமீன் போன்றவற்றில் தயாமினேஸ் என்ற நொதி இருக்கிறது. அது பி1 விட்டமினை அழிக்கும், தொடர்ந்து கொடுத்தால் பாம்புக்கு வலிப்பு வரும். சுகமாக இருக்கும் காலத்தில் அதன் இரை மண்புழு, தவளை, சின்ன மீன்.

இந்தக் குளிரில் வெளியே விட்டால் அரை மணிநேரத்தில் செத்துவிடும். அது எப்படி உள்ளே வந்தது என்று தேடச் சொன்னார். தேடினால் கோல்ட் ரூமில் விடை இருந்தது. முன்வாசல் படிக்குக் கீழே இருக்கும் அந்தச் சீமெந்து அறைக்கு இங்கே அநேகமாக ஹீட்டிங் கிடையாது. எங்கள் அரிசி மூட்டையும் வெங்காயமும் இருப்பது அங்கேதான். மூட்டையை இழுத்தால், சுவரும் தரையும் சேரும் மூலையில் ஒரு விரல் போகும் வெடிப்பு. பக்கத்திலேயே கண்ணாடித்தாள் மாதிரி ஒரு பழைய பாம்புச் சட்டை. இந்த வருடம்தான் குடிவந்தது என்று சொல்ல முடியாது. கதவை யாரோ சரியாகச் சாத்தாமல் விட, ஃபர்னஸ் சூடு உள்ளே போய் எழுப்பியிருக்கிறது. யாரோ என்பது நான்தான்.

வெப்பமானி 6 பாகை காட்டியது. "உங்களிடம் ஏற்கனவே அதற்கு வீடு இருக்கிறது, என்னிடம் ஏன் கொண்டுவருகிறீர்கள்?" என்றார் அந்தப் பெண். பெட்டியைச் சில மணிநேரம் கராஜ் பக்கக் குளிர்ந்த அறையில் வைத்து, பிறகு கோல்ட் ரூமுக்குள், மூடியில்லாமல், பக்கத்தில் ஒரு ஓட்டை வெட்டி, காய்ந்த இலையும் கொஞ்சம் ஈரப் பாசியும் போட்டு வைக்கச் சொன்னார். அடைக்கக் கூடாது, அது வெடிப்புக்குள் போக விரும்பினால் போகட்டும். தண்ணீர் மட்டும் எப்போதும் இருக்க வேண்டும். மாரியில் உறங்கும் பாம்புக்குப் பசியை விட வறட்சி ஆபத்து.

வைக்கும் முன் துணிப்பையில் போட்டுச் சமையல் தராசில் நிறுத்தேன்: 58 கிராம். (தராசைப் பிறகு ப்ளீச் போட்டுக் கழுவினேன். ஊர்வனவற்றில் சல்மனெல்லா இருக்கும். அம்மாவுக்கு இதைச் சொல்லவில்லை.) வாரா வாரம் நிறுக்கலாமா என்று கேட்டதற்கு, தொடும் ஒவ்வொரு தடவையும் எழுப்புகிறீர்கள், கையை வைத்துக்கொண்டு சும்மா இருங்கள் என்று பதில் வந்தது.

சும்மா இருப்பது எங்கள் வீட்டில் யாருக்கும் வராத வேலை. அரிசி மூட்டை சாப்பாட்டு மேசைக்குக் கீழே குடியேறியது. வெங்காயம் முளைத்தது. மகள் கதவில் "மெதுவாகச் சாத்தவும்" என்று எழுதி ஒட்டினாள். வினிப்பெக்குக்கு வடக்கே நார்சிஸ் என்ற இடத்தில் சுண்ணாம்புக்கல் குழிகளுக்குள் இதன் உறவினர் பல்லாயிரக்கணக்கில் ஒன்றாக உறங்குவதைப் படங்களில் காட்டி, நாங்கள் ஒன்றுக்கே இவ்வளவு பாடுபடுகிறோம் என்றாள்.

மூன்றாம் நாள் பெட்டி காலி. பெப்ரவரியில் ஒரே ஒரு தடவை, டார்ச் அடித்தபோது, கிண்ணத்துக்குள் தாடை வரை வைத்துத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. தொண்டை மட்டும் அசைந்தது. நான் மூச்சையும் அடக்கிக்கொண்டு கதவைச் சாத்தினேன்.

மார்ச்சில் அத்திவார வெடிப்பைப் பார்க்க வந்த மேசன் அடுத்த கிழமையே பூசித்தருகிறேன் என்றார். ஜூனுக்குப் பிறகு வாருங்கள் என்றேன். ஏன் என்றதற்கு, உள்ளே ஆள் இருக்கிறது என்றேன். அவர் என் மனைவியைப் பார்த்தார்.

ஏப்ரல் 20-ஆம் தேதி, 15 பாகை வெயில். முன்படியின் தெற்குப் பக்கக் கல்லில் மூன்று மஞ்சள் கோடுகள் நீட்டிப் படுத்திருந்தன. அதுதானா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. அந்த வெடிப்புக்குள் இன்னும் எத்தனை பேரோ. அம்மா ஜன்னலால் எட்டிப் பார்த்துவிட்டு, "நல்லா மெலிஞ்சுபோச்சு" என்றார். எனக்கு அப்படித் தெரியவில்லை.

அடுத்த நாள் இரவு முழுக்க மழை. விடியப் பார்த்தால் நடைபாதை எல்லாம் மண்புழு.