டி.ஏ. பேச்சுத் தேர்வில் நம்மவர்கள் சறுக்கும் இடங்கள்

அமெரிக்காவில் பிஎச்.டி. சேர்க்கையோடு, இளநிலை மாணவர்களுக்குப் பாடம் நடத்த உதவும் டீச்சிங் அசிஸ்டென்ட் (டி.ஏ.) வேலையும் கிடைத்தால், கடிதத்தில் பெரும்பாலும் ஒரு நிபந்தனை இருக்கும்: ஆங்கிலப் பேச்சுத் தேர்வில் தேற வேண்டும். எல்.கே.ஜி.யிலிருந்து ஆங்கில வழியில்தானே படித்தோம் என்று அந்த வரியைத் தாண்டிப் போய்விடாதீர்கள். ஆங்கில வழிப் படிப்பைக் காட்டி இந்தியர்களுக்கு விலக்குத் தராத பல்கலைக்கழகங்கள் நிறைய உண்டு. இது பேராசிரியர் மனசு வைத்தால் தளர்த்தக்கூடிய விதியும் அல்ல. டி.ஏ. பேசுவது புரியவில்லை என்று இளநிலை மாணவர்களும் பெற்றோரும் புகார் சொல்லத் தொடங்கிய பிறகு, 1980களில் பல மாநிலங்கள் இதற்குச் சட்டமே போட்டன. பென்சில்வேனியாவின் சட்டம் 1990இல் வந்தது.

தேர்வு இடத்துக்கு இடம் மாறும். பழைய தலைமுறைக்குத் தெரிந்தது, டோஃபல் ஆங்கிலத் தேர்வை நடத்தும் ஈ.டி.எஸ். நிறுவனத்தின் ‘ஸ்பீக்’: ஒலிப்பதிவில் கேள்வி வரும், பதிலைப் பதிவுசெய்ய வேண்டும், 20 முதல் 60 வரை மதிப்பெண், பெரும்பாலும் 50 தேர்ச்சி. பர்டூ பல்கலைக்கழகத்தின் சொந்தத் தேர்வு கணினியில் நடக்கும். அங்கும் 50தான் எல்லை. டோஃபலின் பேச்சுப் பகுதியை ஏற்கும் இடங்களில் 30க்கு 26, 27 என்று கேட்பது வழக்கமாக இருந்தது. 2026 ஜனவரியில் டோஃபல் 1 முதல் 6 வரையிலான அளவுகோலுக்கு மாறிவிட்டதால், பழைய எண்ணை நம்பாமல் துறையிடம் இப்போதைய எல்லையைக் கேட்டு வாங்குங்கள்.

உண்மையான சவால் பாடம் நடத்திக் காட்டும் தேர்வுதான். ஐந்து முதல் பத்து நிமிடம் பலகை முன் நின்று ஒரு கருத்தை விளக்க வேண்டும், நடுவில் கேள்விகள் வரும். யு.சி.எல்.ஏ.வில் (லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகம்) இளநிலை மாணவர்களே உட்கார்ந்து கேள்வி கேட்பார்கள், 10க்கு 7.1 வாங்கினால் தேர்ச்சி, 6.4 முதல் 7.0 வரை நிபந்தனைத் தேர்ச்சி.

இங்கே இலக்கணத்தில் சறுக்குபவர்களைவிடச் சொல்லழுத்தத்தில் சறுக்குபவர்களே அதிகம். தமிழில் எல்லா அசையையும் ஏறத்தாழ ஒரே எடையில் சொல்கிறோம். ஆங்கிலக் காதோ அழுத்தம் விழும் அசையைப் பிடித்துத்தான் சொல்லையே அடையாளம் காண்கிறது. பராமீட்டரில் அழுத்தம் ‘ரா’வில் விழ வேண்டும், நாம் ‘மீ’யை இழுக்கிறோம். வேரியபிளில் முதல் அசை, டினாமினேட்டரில் ‘னா’, டெவலப்பில் ‘வெ’. ஒரு வாக்கியத்தில் இப்படி மூன்று சொல் தவறினால், நான்காவது வாக்கியத்தில் மாணவர் கவனிப்பதையே விட்டுவிடுவார்.

அடுத்தது காற்று. சொல்லின் தொடக்கத்தில் வரும் ப, ட, க ஒலிகளை ஆங்கிலத்தில் காற்றை ஊதிச் சொல்ல வேண்டும். தமிழ் ‘ப’வில் அந்தக் காற்று இல்லை. அதனால் வட்டத்தின் ‘பை’யை நீங்கள் சொல்ல, அமெரிக்கக் காதில் விடைபெறும் ‘பை’ விழும். பத்தைக் குறிக்கும் ‘டென்’ என்றால் குகையைக் குறிக்கும் சொல் விழும். உதட்டுக்கு முன் ஒரு துண்டுக் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு சொல்லிப் பாருங்கள், காகிதம் அசைய வேண்டும். தமிழில் ‘வ’ ஒன்றுதான், ஆங்கிலத்தில் இரண்டு. ‘வெக்டர்’ என்பதற்கு மேல்பல் கீழுதட்டைத் தொட வேண்டும். ‘வெயிட்’ என்பதற்கு உதடு குவிய வேண்டும், பல் படவே கூடாது. ‘வேவ்’ என்ற சொல்லில் இரண்டும் வருவதால் பயிற்சிக்கு அதுவே நல்ல சொல்.

ஒலி சரியாக இருந்தாலும் சொல்லே காலை வாரும் இடங்கள் உண்டு. கணக்கு, இயற்பியல், பொறியியல்காரர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். ‘த்ரீ இன்டு ட்வெல்வ்’ என்றால் நமக்கு 36. அமெரிக்கப் பிள்ளைகள் பள்ளியில் அதை வகுத்தலாகப் படித்தவர்கள், அவர்களுக்கு விடை 4. பெருக்கலுக்கு ‘டைம்ஸ்’ என்று சொல்லுங்கள். ‘ஏ அப்பான் பி’ வேண்டாம், ‘ஏ ஓவர் பி’. ‘ஹோல் ஸ்கொயர்’ அங்கே பழக்கமில்லை. அடைப்புக்குள் இருப்பதை ஒரே மூச்சில் சொல்லி, சற்று நிறுத்தி, ‘குவான்டிட்டி ஸ்கொயர்ட்’ என்று முடியுங்கள். ‘இசட்’ அங்கே ‘ஸீ’. ‘எனி டவுட்ஸ்?’ என்று கேட்டால் உங்கள் மேல் நம்பிக்கை இல்லையா என்று கேட்பதுபோல ஒலிக்கும், ‘கொஸ்டின்ஸ்’ போதும்.

பாடத்துக்கு உங்கள் ஆராய்ச்சித் தலைப்பை எடுக்கவே எடுக்காதீர்கள். முதலாண்டுப் பாடத்திலிருந்து ஒரே ஒரு கருத்து போதும்: ஒரு வரையறை, ஒரு எடுத்துக்காட்டு, மாணவர்களை விடை சொல்ல வைக்கும் ஒரு கேள்வி. ‘புரிந்ததா?’ என்பது கேள்வியே அல்ல, எல்லாரும் தலையாட்டுவார்கள். புதுச் சொல்லை முதலில் பலகையில் எழுதிவிட்டுப் பிறகு வாயால் சொல்லுங்கள். காது தவறவிட்டதைக் கண் பிடித்துக்கொள்ளும். எழுதும்போது பேசாதீர்கள், குரல் பலகையோடு போய்விடும். மனப்பாடம் செய்த உரை எளிதில் மாட்டிக்கொள்ளும். அதில் வேகம் கூடி, நிறுத்தங்கள் மறைந்து, முதல் கேள்வியிலேயே கோவை அறுந்துபோகும்.

கேள்வி வந்ததும் ‘எஸ், எஸ்’ என்று தொடங்காதீர்கள். கேள்வியை உங்கள் சொற்களில் திருப்பிச் சொல்லி, இதுதானே கேட்டீர்கள் என்று உறுதிசெய்துவிட்டுப் பதிலுக்குப் போங்கள். கேட்காத கேள்விக்கு அழகாகப் பதில் சொல்வதைவிட, ‘மறுபடி ஒருமுறை சொல்ல முடியுமா?’ என்று கேட்பது எவ்வளவோ மேல். நம் பக்கவாட்டுத் தலையசைப்பு அங்கே ‘இல்லை’ என்றும் படிக்கப்படலாம், ஆகவே ஆமோதிப்பை வாயால் சொல்லிவிடுங்கள்.

அமெரிக்க உச்சரிப்பைக் காப்பியடிக்க யாரும் முயல வேண்டாம், அதற்கு மதிப்பெண் இல்லை. பிழை எப்போதும் பேசுபவரிடம்தான் என்பதும் இல்லை. அமெரிக்க ஆய்வாளர் டொனால்ட் ரூபின் 1992இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே அமெரிக்கக் குரலின் பதிவை இரு குழு மாணவர்களுக்கு வெவ்வேறு படத்தோடு போட்டுக்காட்டினார்கள். ஆசிய முகத்தைப் பார்த்தவர்களுக்குப் பாடம் குறைவாகவே மனதில் நின்றது. அந்தக் காதுகளுக்கு முன்னால்தான் நிற்கப்போகிறோம் என்பதால், நம் கையில் இருக்கிற அழுத்தத்தையும் நிறுத்தத்தையும் விட்டுக்கொடுக்காமல் இருப்பது இன்னும் முக்கியம்.

இரண்டு மாதம் இருந்தால் நன்றாகத் தயாராகலாம். உங்கள் பாடத்தின் 20 முக்கியச் சொற்களை எழுதி, மெரியம் வெப்ஸ்டர் அகராதியில் ஒவ்வொன்றையும் கேட்டு, அழுத்த அசையின் கீழ் கோடு போடுங்கள். தினமும் இரண்டு நிமிடம் பேசிப் பதிவுசெய்து, மறுநாள் கேளுங்கள். வாரம் ஒருமுறை அதை வேறு தாய்மொழிக்காரர் ஒருவரிடம் கொடுத்து, காதில் விழுந்ததை எழுதித் தரச் சொல்லுங்கள். தமிழ் ரூம்மேட் இதற்கு உதவமாட்டார், விடுபட்டதை அவர் காது தானே நிரப்பிவிடும்.

தேறாவிட்டால் பெரும்பாலும் ஒரு செமஸ்டர் பேச்சு வகுப்பும், அதுவரை விடைத்தாள் திருத்துவதுபோல மாணவர் முன் நிற்காத வேலையும் கிடைக்கும். எல்லாத் துறையிலும் அப்படி வேலை இருக்காது. விமானம் ஏறுவதற்கு முன்பே துறை ஒருங்கிணைப்பாளருக்கு மின்னஞ்சல் அனுப்பி மூன்றைக் கேட்டுவிடுங்கள்: எந்த மதிப்பெண்ணுக்கு என்ன வேலை, மறுதேர்வு எத்தனை முறை, தேறாத செமஸ்டரில் ஸ்டைபெண்ட் (மாத உதவித்தொகை) எங்கிருந்து வரும். ஆன்லைனில் முன்கூட்டியே எழுத வழியிருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். வகுப்பு தொடங்கும் வாரத்தில் ஜெட்லாக்கோடு போய் உட்கார்ந்தால் நாக்கு ஒத்துழைக்காது.