தீசிஸ் ஆரமிக்கறதுக்கு முன்னாடி ஷிப்மென்ட் தேதி கேளுங்க

எங்க பெரியப்பா பையன் திருப்பூர் பனியன் கம்பெனியில மெர்ச்சண்டைசருங்க, ஆர்டரை ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் பாத்துக்கறவரு. ஆர்டர் கைக்கு வந்த அன்னைக்கே ஷிப்மென்ட் தேதியில இருந்து பின்னாடி எண்ணிட்டே வருவாரு, பேக்கிங் எப்ப, செக்கிங் எப்ப, தையல் எப்ப, கட்டிங் எப்ப, டையிங்ல இருந்து துணி எப்ப வரோணும், நூல் எப்ப வாங்கோணும்னு எல்லாத்துக்கும் தேதி போட்டு ஒரே ஷீட்ல வெச்சிருப்பாரு. டைம் அண்ட் ஆக்‌ஷன்ம்பாங்க. சின்ன வயசுல இருந்து இதைப் பாத்து வளந்தும் என்ற எம்.டி தீசிஸுக்கு அப்படி ஒரு ஷீட் போடோணும்னு எனக்குத் தோணவே இல்ல, காலேஜ்லயும் யாரும் சொல்லித் தரல.

எம்.டி-க்கு நான் எடுத்தது 120 சுகர் பேஷண்ட். மொதல்ல ஒருக்கா ரத்தம், மூணு மாசம் கழிச்சு இன்னொருக்கா. சிவப்பணு கிட்டத்தட்ட 120 நாள் உசுரோட இருக்குங்கறதால ஹெச்பிஏ1சி-ல (ரெண்டு மூணு மாசச் சராசரி சுகரைக் காட்டற டெஸ்ட்) மாத்தம் சரியாத் தெரிய அவ்ளோ நாள் வேணுமுங்க. ஓபியில தெனமும் இத்தன பேரைப் பாக்கறமே, சீக்கிரம் முடிஞ்சுரும்னு நெனச்சேன். ஆறு மாசத்துல 41 பேர்தான். இன்சுலின் போடறவங்க வேண்டாம், கிட்னி ப்ராப்ளம் இருக்கறவங்க வேண்டாம்னு கழிச்சா பாதிப் பேர் போயிட்டாங்க, மிச்சத்துல சம்மதிக்காதவங்க வேற. இதுக்கு லசாக்னா விதின்னு பேரே இருக்குதுங்க, லூயி லசாக்னான்னு ஒரு அமெரிக்க டாக்டர் சொன்னது, ஸ்டடி ஆரமிச்சதும் பேஷண்ட் எண்ணிக்கை சுருங்கிருமாம்.

ஆனா என்னை ரொம்ப நாள் தூங்க விடாதது ரெண்டாவது ரத்தந்தான். அந்த விசிட் எல்லாம் தை மாசிலதான் வந்து விழுந்துச்சு. ஈரோட்டுப் பக்கம் அப்ப மஞ்ச வெட்டு, வேக வெக்கறதுன்னு ஊரே காட்டுல கிடக்கும், அது முடிஞ்சா பங்குனியில மாரியாத்தா நோம்பி. ஒரு அம்மா ஒன்றரை மாசம் கழிச்சு வந்தாங்க. "கூலிய உட்டுப்போட்டு எப்படிங்க கண்ணு வர்றது, ரெண்டு பஸ் மாறோணும்"னாங்க. புரோட்டோகால்ல, அதாவது ஸ்டடியை எப்படிப் பண்ணோணும்னு எழுதி வெக்கற திட்டத்துல, நான் குடுத்திருந்த கெடு ஒரு வாரம் முன்னப் பின்ன, அவ்ளோதான். அவங்க கையில ஊசி குத்தி எடுத்த மொத ரத்தம் எதுக்குமே ஆகல. தப்பு அவங்க மேல இல்லீங்க, அவங்க வருசத்தைக் கேக்காம தேதி போட்டது நான்தான்.

அண்ணங்கிட்டச் சொல்லி அழுதப்ப அவரு கேட்டாரு, "ஏனம்மணி, ஷிப்மென்ட் தேதியே பாக்காம நூலு வாங்கிட்டியா?"

போன வருசம் ரெண்டு நாள் புராஜெக்ட் மேனேஜ்மென்ட் டிரெயினிங் போனேன், சின்ன வயசு ரிசர்ச்சர்ஸுக்குன்னே நடத்துனது. எந்த வேலை எப்ப ஆரமிச்சு எப்ப முடியோணும்னு கோடு போட்டுக் காட்டற கான்ட் சார்ட்டைப் போட்டுக் காட்டுனதும் அண்ணனோட ஷீட்தான் கண்ணு முன்னாடி வந்துச்சு. லேப் டிப், அதாவது சாயக் கலர் மாதிரிக்கு பையர்கிட்ட இருந்து அப்ரூவல் வராம டையிங்குக்குத் துணி போகாது, அதே மாதிரி எத்திக்ஸ் கமிட்டி அப்ரூவல் வராம ஒரு பேஷண்ட்டையும் தொடக்கூடாது. மொத்தமாத் தெக்கறதுக்கு முன்னாடி ப்ரீ-ப்ரொடக்‌ஷன் சாம்பிள்னு ஒரு பீஸ் தெச்சுப் பாக்கறதுதான் நம்ம பைலட் ஸ்டடி, சின்ன அளவுல பண்ற வெள்ளோட்டம். கிளினிக்கல் ட்ரயல்னா சி.டி.ஆர்.ஐ-ங்கற இந்திய ட்ரயல் பதிவேட்டுல பதிவும் வேணும், 2018 ஏப்ரல் 1-ல இருந்து மொத ஆளைச் சேத்தறதுக்கு முன்னாடியே பதிஞ்சாத்தான் எடுத்துக்கறாங்க, அப்பறமாப் பதிஞ்சுக்கலாம்ங்கற பேச்சே இல்ல. புது மருந்து, கிளினிக்கல் ட்ரயலுக்கான 2019 விதிப்படி பேஷண்ட்டுக்கு சீரியஸா ஏதாச்சும் ஆச்சுன்னா இன்வெஸ்டிகேட்டர் 24 மணி நேரத்துக்குள்ள ரிப்போர்ட் பண்ணோணும், ஞாயித்துக்கெழம ராத்திரி ஆனா போனை யாரு எடுக்கறதுன்னு டெலிகேஷன் லாக்ல, அதாவது யாருக்கு என்ன வேலைன்னு எழுதி வெக்கற பட்டியல்ல, பேரு இருக்கோணும். கிட் எக்ஸ்பைரி, ஃப்ரீசர் இருக்கற ரூமுக்கு ஜெனரேட்டர் லைன் இருக்குதான்னு பாக்கறது, இதெல்லாமும் ஷீட்ல வரோணும்.

இந்த டிரெயினிங்கை மொத வருசத்துலயே, புரோட்டோகால் எழுதறதுக்கு முன்னாடியே குடுங்கன்னு எல்லா டிபார்ட்மென்ட்டையும் கையெடுத்துக் கேக்கறேன். மூணாவது வருசத்துல குடுத்து என்னங்க ஆகப் போவுது?

இப்ப என்ற ஜூனியர் ஒரு பொண்ணு கர்ப்பிணிகளோட ரத்தசோகை பத்தி ஸ்டடி போடறா. ஷீட்ல மஞ்ச வெட்டு, வாய்க்கா தண்ணி உடறது, நோம்பி, திருப்பூர்ல தீவாளி ஆர்டர் நெருக்கடி எல்லாத்துக்கும் தனிக் கட்டம் போட்டிருக்கோம். பேஷண்ட் ஊட்டுல இருந்து எத்தன பஸ்ஸுன்னும் ஒரு கட்டம் இருக்குது. வேணுங்கறவங்க கேளுங்க, அனுப்பி வெக்கறேன்.