மின் லாக்கரிலிருந்து கேபிளுக்கு: மோட்டார் செய்துவந்த வேலை

என் வண்டியின் பின் ஆக்சிலில் இருந்த மின் லாக்கர், அதாவது இரண்டு பின் சக்கரங்களையும் ஒன்றாகச் சுழலும்படி மின்சாரத்தால் பூட்டும் கருவி, வெகுநாளாகவே தகராறு செய்துகொண்டிருந்தது. சுவிட்சைத் திருப்பினால் டாஷ்போர்டு விளக்கு மின்னிக்கொண்டே இருக்குமே தவிர, நிலையாக எரியாது. இணைப்பைக் கழற்றி 12 வோல்ட் மின்சாரத்தை மோட்டாருக்கு நேரடியாகக் கொடுத்தபோது ஒரு முனகல்கூடக் கேட்கவில்லை. ஓடிச் சூடான ஆக்சில் ஓடையில் இறங்கியதும் சட்டெனக் குளிர்கிறது. உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, தளர்ந்த சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்கிறது. புது மோட்டார் போட்டாலும் அதே தண்ணீர் அதே வழியில்தான் நுழையும் என்பதால், கையால் இழுக்கும் கேபிளுக்கு மாறிவிடத் தீர்மானித்தேன்.

எல்லா மின் லாக்கருக்கும் இது பொருந்தாது. மின்காந்தச் சுருளால் பூட்டும் வகையில் வெளியிலிருந்து இழுப்பதற்கு ஒன்றுமே இல்லை. என்னுடையது மோட்டார் வகை: மோட்டாரின் முனையில் உள்ள சிறு பல்சக்கரம் ஒரு தண்டை நகர்த்த, அந்தத் தண்டில் பொருந்திய கவட்டை, பற்கள் கொண்ட ஒரு வளையத்தைத் தள்ளி, இரு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் டிஃபரன்ஷியலின் கூட்டோடு பிணைக்கிறது. பிணைந்தபின் இரண்டு பின் சக்கரங்களும் ஒரே வேகத்தில்தான் சுழல முடியும். கவட்டை நகரும் தூரம் ஒரு விரல் அகலத்துக்கும் குறைவு என்பதைப் பார்த்ததும், வேலை எளிதாகத்தான் இருக்கும் என்று எண்ணிவிட்டேன்.

கியர் ஆயிலை வடித்து மோட்டாரைக் கழற்றியபின், அந்தத் துளைக்கு ஓர் அலுமினிய மூடியும், அதன் நடுவே ஆயில் சீலோடு சுழலும் ஒரு தண்டும் லேத்தில் கடைந்தேன். தண்டின் உள்முனையில் பழைய பல்சக்கரம், வெளிமுனையில் கேபிள் இழுக்க ஒரு கை. முன்னும் பின்னும் வழுக்கும் தண்டு சேற்றைத் தானே உள்ளே இழுத்துக்கொண்டு போகும், சுழலும் தண்டு அப்படிச் செய்யாது என்பதால்தான் இந்த வடிவம்; இன்றுவரை அதில் ஒரு சொட்டு ஆயில் கசியவில்லை.

தவறு நடந்தது அடுத்த கட்டத்தில். கேபிளை நேரடியாகத் தண்டின் கையில் மாட்டி, கேபிளின் மறுமுனையில் இருந்த லீவரை இழுத்தேன், பாதியில் நின்றுவிட்டது. பலமாக இழுத்தேன்; வெளிக் கை வளைந்தது. வளையத்தின் பற்கள் எதிர்ப்பக்கத்துப் பள்ளங்களுக்கு நேராக வராமல் பல்லின்மேல் பல் முட்டி நின்றிருக்கிறது. நல்லவேளையாக வெளிக் கை மெல்லிய தகடு. இல்லையென்றால் உள்ளே கவட்டை வளைந்திருக்கும், அதற்கு டிஃபரன்ஷியலையே இறக்க வேண்டியிருந்திருக்கும்.

அப்படியானால் மோட்டார் இத்தனை ஆண்டுகளாக இதை எப்படிச் சமாளித்தது? கழற்றி எறிந்திருந்த மோட்டாரைத் திரும்ப எடுத்துப் பிரித்துப் பார்த்தேன். செந்நிறத் துருநீர் வழிந்தது. கூட்டில் ஒட்டியிருக்க வேண்டிய காந்தம் ஒன்று விடுபட்டு, சுழல வேண்டிய பகுதியைக் கவ்விக்கொண்டிருந்தது. அதற்கும் அப்பால், பல்சக்கரத்துக்கு முன்னால், கடிகாரத்துக்குள் இருப்பதைப் போன்ற ஒரு சுருள்வில். பற்கள் நேராகாதபோது மோட்டார் இந்த வில்லை முறுக்கிவைத்துவிட்டுக் காத்திருக்கிறது. சக்கரம் சற்று உருண்டு பற்கள் நேரானதும் வில் தன் பலத்தைக் கொண்டு வளையத்தை உள்ளே தள்ளுகிறது. மோட்டாரோடு சேர்த்து நான் கழற்றி எறிந்தது இந்தப் பொறுமையைத்தான்.

ஆகவே கேபிளின் முனைக்கும், புதிதாகச் செய்த தடித்த கைக்கும் நடுவே ஓர் இழுவை ஸ்பிரிங் சேர்த்தேன். அந்தக் கையைப் பின்னுக்கு இழுத்துப் பூட்டைத் திறக்க மற்றொரு ஸ்பிரிங்; கேபிள் அறுந்துபோனாலும் லாக்கர் தானே திறந்துகொள்ள வேண்டும் அல்லவா. முதலில் இரண்டையும் ஒரே பலத்தில் போட்டுவிட்டதால், லீவரை இழுத்தால் நடு ஸ்பிரிங் மட்டும் நீண்டது, கவட்டை அசையவே இல்லை. திறக்கும் ஸ்பிரிங் மெலிந்ததாகவும், நடு ஸ்பிரிங் அதைவிட நன்றாகவே வலுவானதாகவும் இருந்தால்தான் கணக்கு சரியாகிறது. ஆனால் திறக்கும் ஸ்பிரிங்கை மிகவும் மெலிதாக்கவும் கூடாது. மோட்டார் போனபின் குலுக்கலில் கவட்டை நகராமல் பிடித்திருப்பது அது ஒன்றுதான்.

கேபிளைக் கொண்டுபோகும் வழியிலும் ஒருமுறை சறுக்கினேன். வெளியுறையின் பின்முனையை வண்டியின் அடிச்சட்டத்தில் கட்டியிருந்தேன். சட்டத்தை ஜாக்கியால் தூக்கியதும் ஆக்சில் கீழே தொங்க, லீவரை யாரும் தொடாமலே லாக்கர் பூட்டிக்கொண்டது! அந்த முனையை ஆக்சில் ஹவுசிங்கிலேயே கட்டி, நடுவே தாராளமான வளைவு விட்டு, புகைக்குழாயிலிருந்து விலக்கிக் கொண்டுபோனபின் அந்தத் தொல்லை தீர்ந்தது.

நடுவில் ஸ்பிரிங் வந்துவிட்டதால் லீவர் இருக்கும் நிலை எதையும் உறுதியாகச் சொல்லாது. இழுத்திருந்தாலும் பற்கள் விழாமல் இருக்கலாம். கவட்டையின் இடத்தை அறியும் பழைய நிலைச் சுவிட்சை அதனால் கழற்றவில்லை. அதிலிருந்து விளக்குக்கு நேரடி இணைப்பு கொடுத்தேன். அதிலிருந்து ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் இறுகி நிற்காமல் காக்கும் அமைப்பு) கணினிக்குப் போகும் கம்பியை வெட்டாமல் விட்டேன். குறைந்த கியர் வரிசையிலும் மெதுவான வேகத்திலும் மட்டுமே பூட்ட அனுமதித்த பழைய கட்டுப்பாட்டுப் பெட்டி இப்போது இல்லை. ஒரு சக்கரம் வெறுமனே சுழன்றுகொண்டிருக்கும்போது லீவரை இழுத்தால் பற்கள் அரைபடும். தடுக்க ஓட்டுபவரைத் தவிர வேறு யாரும் இல்லை.

புது 80டபிள்யூ-90 கியர் ஆயிலை ஊற்றி, முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பின் சக்கரங்களைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, கை பிரேக்கை விடுவித்துக் கியரில் போட்டேன். ஒரு சக்கரத்தைக் கையால் சுற்ற, மற்றது எதிர்த்திசையில் சுழன்றது. லீவரை இழுத்தபின்னும் அப்படியே சுழன்றது, விளக்கு எரியவில்லை. இன்னும் சற்றுச் சுற்றினேன். ‘டக்’ என்ற ஓசையோடு சக்கரம் கையில் இறுகி நின்றது, விளக்கும் எரிந்தது.

திறக்கும்போதுதான் இன்னமும் பொறுமை வேண்டியிருக்கிறது. பற்களின் மேல் திருகுவிசை இருக்கும்வரை மெல்லிய ஸ்பிரிங்கால் வளையத்தை வெளியே இழுக்க முடிவதில்லை. லீவரை விட்டபின் நேராகச் சிறிது தூரம் பின்னோக்கி நகர்த்தினால் விளக்கு அணைகிறது. அணையும்வரை கெட்டியான சாலையில் வண்டியைத் திருப்புவதில்லை.