ரோட்பிளாக்கில் பையைத் திறக்கச் சொன்னபோது

போலீஸ் பையைத் திறக்கச் சொன்னால் நான் முதலில் தெரிந்துகொள்ள நினைப்பது ஒன்றைத்தான்: என்னைக் கைது செய்திருக்கிறார்களா, இல்லையா? மற்றதெல்லாம் அதைப் பொறுத்துத்தான்.

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டங்களுக்கு நடுவே இருக்கிற சிறிய ஊர் எங்களுடையது. கடைத்தெரு அடங்கிய பிறகு முச்சந்தியில் அவ்வப்போது சாலைத் தடுப்பு போடுவார்கள். அன்றிரவு தங்கையை வேலையிடத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வந்தேன். என் பையில் சோற்று டப்பா, மழைச்சட்டை, பர்ஸ், அப்புறம் தீட்டக் கொடுத்து வாங்கிய அப்பாவின் பாராங், அதாவது வெட்டுக்கத்தி.

ஐசியை, அதாவது அடையாள அட்டையைக் கேட்டார்கள், கொடுத்தேன். அதைக் கையில் வைத்திருப்பது நம் கடமை. அடுத்து, சாதாரண உடையில் இருந்த ஒருவர் பையில் கைவிட வந்தார். "துவான், காட் போலே தெங்கோக்?" (ஐயா, உங்கள் அட்டையைப் பார்க்கலாமா?) என்று மலாயில் கேட்டேன். மஞ்சள் நிறப் போலீஸ் அட்டையைக் காட்டினார். மஞ்சள் என்றால் இன்ஸ்பெக்டருக்குக் கீழ்ப்பட்டவர், நீலம் என்றால் இன்ஸ்பெக்டரும் அதற்கு மேலும். சிவப்பு அட்டை பணி இடைநீக்கத்தில் இருப்பவருடையது. அவருக்கு அதிகாரமே இல்லை. வழக்கறிஞர் மன்றத்தின் சிறு கையேட்டில் படித்தது அன்றைக்குக் கைகொடுத்தது.

அதிலேயே இன்னொன்றும் இருந்தது: போலீஸ் கையைப் பையில் விட விடாதீர்கள், நீங்களே ஒவ்வொன்றாக எடுத்துப் பெயர் சொல்லி வையுங்கள். அப்படியே செய்தேன். "டப்பா, மழைச்சட்டை, பர்ஸ், பாராங்." கடைசியில் பையைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினேன். பேச்சு மரியாதையாக இருந்ததால் அவர்களும் முறைக்கவில்லை. தங்கையின் கைப்பையை அவளே திறந்து காட்டினாள். உடல் சோதனை என்றால் பெண்ணைப் பெண் போலீஸ்தான் சோதிக்க வேண்டும். அங்கே பெண் போலீஸ் ஒருவரும் இல்லை, பேச்சு அத்தோடு நின்றது.

பாராங்தான் சிக்கல். பொது இடத்தில் ஆயுதம் வைத்திருந்தால் குற்றம், சட்டபூர்வமான காரணம் இருந்தால் அல்ல. தோட்டத்தில் பாராங் இல்லாத வீடு ஏது? ஆனால் இரவு நேரத்தில் அது பையில் இருந்தால் யாரும் கேட்கத்தான் செய்வார்கள். "பாலாய்க்கு (போலீஸ் நிலையத்துக்கு) வா" என்றார் ஒருவர். "சாயா டிதாங்காப் கா, துவான்?" (என்னைக் கைது செய்திருக்கிறீர்களா, ஐயா?) என்றேன். இல்லை என்றார். அப்படியானால் கட்டாயமில்லை, சாட்சியாக அழைப்பதற்கும் எழுத்துபூர்வ உத்தரவு வேண்டும்.

சட்டத்தில் இது தெளிவாகவே இருக்கிறது. கைதானவரின் உடலையும் உடைமையையும் சோதிக்கக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 20ஆம் பிரிவு இடம் தருகிறது. வழியில் வாகனத்தை நிறுத்திச் சோதிப்பது 1967ஆம் ஆண்டு போலீஸ் சட்டத்தின் 24ஆம் பிரிவில் வருகிறது. அதற்கும் நியாயமான சந்தேகம் இருக்க வேண்டும். போதைப்பொருள் போன்றவற்றுக்குத் தனிச் சட்டங்கள் உண்டு. கைது என்றால் காரணம் சொல்ல வேண்டும், வீட்டாருக்கும் வழக்கறிஞருக்கும் தகவல் சொல்ல விட வேண்டும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். ஆனால் முச்சந்தியில் நின்றுகொண்டு பிரிவு எண்களை ஒப்பிக்காதீர்கள். வீம்பு பேசினால் நமக்குத்தான் நேரம் வீண்.

சற்று நேரத்தில் இன்ஸ்பெக்டர் வந்தார். கைப்பேசியைத் திறக்கச் சொன்னார். எந்த வழக்குக்கு என்று கேட்டேன், அதை விட்டுவிட்டார். பாராங்கை மட்டும் வைத்துக்கொண்டு, தோட்டத்துக் கடிதத்தோடு காலையில் வரச் சொன்னார். அதுவும் சரிதான் என்று பட்டது. "எடுத்ததை எழுதிக் கொடுங்கள்" என்றேன். பொருள், தேதி, அவர் பெயர், கையெழுத்து எல்லாம் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். அந்தத் தாள் இல்லாமல் நான் நகர்ந்திருக்க மாட்டேன்.

காலையில் தோட்ட ஆபீஸ் கிராணி (எழுத்தர்), அப்பா அறுவடை வேலை செய்பவர் என்று முத்திரை குத்திக் கடிதம் கொடுத்தார். "இதுக்கெல்லாமா லெட்டர்!" என்று சிரித்தார். பாலாயில் கடிதத்தையும் தாளையும் நீட்டினேன். புத்தகத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு பாராங்கைத் திருப்பிக் கொடுத்தார்கள். அந்தக் கடிதத்தின் நகல் இப்போது மோட்டார் சீட்டுக்கு அடியில் இருக்கிறது.